கட்டைவிரலிலிருந்து குதிகாலுக்கு: சோனிக் ரைடர்ஸ் ஆடுவதற்கு ஒரு சாயும் பலகை

சேகா நிறுவனத்தின் சோனிக் ரைடர்ஸ் என்ற வீடியோ கேம் 2006 பிப்ரவரியில் கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் ஆகிய மூன்று கன்சோல்களுக்கும் வெளிவந்தது. 1991 முதல் ஓடிக்கொண்டே இருந்த நீல முள்ளெலி சோனிக், இந்தக் கிளை ஆட்டத்தில் ஓடுவதை விட்டுவிட்டு, தரையைத் தொடாமல் காற்றில் மிதக்கும் பலகையின்மேல் ஏறி நிற்கிறது. ஆட்டத்தில் அந்தப் பலகைக்கு எக்ஸ்ட்ரீம் கியர் என்று பெயர். டாக்டர் எக்மேன் நடத்தும் போட்டி ஒன்றும், ஜெட், வேவ், ஸ்டார்ம் என்ற மூன்று பறவைத் திருடர்களும் கதையில் உண்டு. நான் இங்கே எழுதப்போவது கதையைப் பற்றியதன்று. திரையில் ஒருவர் பலகைமேல் உடம்பை வளைத்துச் சாய்ந்துகொண்டிருக்க, நாம் சோபாவில் அமர்ந்து இடது கட்டைவிரலை அரை அங்குலம் நகர்த்திக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலைப் போக்க, நிஜமாகவே சாயும் பலகை ஒன்றைச் செய்து கேம்கியூபில் இணைத்துப் பார்த்தேன். அதன் பதிவு இது.

தொடரை உருவாக்கியவர்களுக்கும் இந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். 2008இல் வந்த இரண்டாவது ஆட்டமான ஜீரோ கிராவிட்டியை வீ கன்சோலில் ஆடும்போது, ரிமோட்டைக் குறுக்காகப் பிடித்துச் சாய்த்துத் திருப்பலாம். 2010இல் கினெக்ட் கேமராவுடன் வந்த சோனிக் ஃப்ரீ ரைடர்ஸில் கையில் எதுவுமே கிடையாது. கேமராவுக்கு முன் பக்கவாட்டில் நின்று உடம்பையே சாய்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விரல், இரண்டாவதில் மணிக்கட்டு, மூன்றாவதில் முழு உடல் என்று வரிசையாக வந்திருக்கிறது. ஆனால் மூன்றாவது ஆட்டத்திற்கு வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை, உடலசைவை ஆட்டம் சரியாகப் பிடிக்கவில்லை என்றே குறைகூறின. காலுக்கடியில் எதுவும் இல்லாமல் வெறுந்தரையில் நின்று சாய்ந்தால், எவ்வளவு சாய்ந்தோம் என்பது நமக்கே தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எனவே, உடலசைவுக்காக எழுதப்படாத முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு, காலுக்கடியில் எதிர்த்து நிற்கும் ஒரு பலகையை வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க முடிவுசெய்தேன்.

கேம்கியூபைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கண்ட்ரோலர். கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் ஸ்டிக்கின் அடியில் இருப்பவை இரண்டு சிறிய பொட்டன்ஷியோமீட்டர்கள், அதாவது சுழலச் சுழல மின்தடை மாறும் பாகங்கள். ஒன்று இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்கள். ஓரக்கால் ஒன்றில் மூன்றரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தம், இன்னொன்றில் கிரவுண்ட், நடுக்காலில் ஸ்டிக்கின் நிலைக்கேற்ப மாறும் அழுத்தம். அந்த நடுக்கால் சொல்வதைத்தான் கன்சோல் நம்புகிறது. அதற்குப் பதிலாக வேறொரு பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்காலை இணைத்தால், ஸ்டிக் நகர்ந்ததா பலகை சாய்ந்ததா என்று கன்சோலுக்குத் தெரிய வழியில்லை. இதற்கு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டாம், நிரல் வேண்டாம், சென்சார் வேண்டாம். எழுதிய நிரலைத் திருத்தித் திருத்தியே என் பகல் நேரம் கழிவதால், மாலையிலாவது அது இல்லாத வேலை ஒன்று கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட். நீளம் இரண்டரை அடி, அகலம் பத்து அங்குலம். அதன் அடியில் நீளவாக்கில், நடுக்கோட்டில், ஓர் அங்குல ஜி.ஐ. குழாயைக் கிளாம்ப் வைத்து முடுக்கினேன். குழாய்க்குள் சற்றே தளர்வாக நுழையும் இரும்புத் தண்டு ஒன்று, இருமுனைகளிலும் மரக்கட்டைகளில் அமர்ந்து, கீழே உள்ள அடிப்பலகையோடு சேர்கிறது. உள்ளே கொஞ்சம் கிரீஸ். இவ்வளவுதான் அச்சு. பலகையின் முனை தொலைக்காட்சியை நோக்கி இருக்கும். இடது கால் முன்னே, வலது கால் பின்னே வைத்துப் பக்கவாட்டில் நின்று, இடது தோளுக்கு மேலாகத் திரையைப் பார்க்க வேண்டும். கால்விரல்களை அழுத்தினால் வலப்பக்கம் சாயும்; குதிகாலை அழுத்தினால் இடப்பக்கம். இரு ஓரங்களிலும் முட்டுக்கட்டை வைத்து, சாய்வைப் பக்கத்துக்கு 15 பாகையோடு நிறுத்தினேன்.

திரும்ப நடுநிலைக்குக் கொண்டுவருவதற்கு முதலில் மெத்தைக்குப் போடும் பஞ்சுக்கட்டியை இருபுறமும் அடைத்தேன். அது மிகப் பெரிய தவறு. அச்சு காலுக்குக் கீழே இருப்பதால், மேலே நிற்பவரின் எடை பலகையை எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் கவிழ்க்கவே பார்க்கும். 68 கிலோ எடைக்கு முன் பஞ்சு ஒரு பொருட்டே அல்ல. ஏறிய மறுநொடி பலகை ஒரு பக்க முட்டுக்கட்டையில் போய் உட்கார்ந்தது. நான் சுவரைப் பிடித்தேன். பிறகு பழைய மிதிவண்டி சீட்டுகளின் அடியிலிருக்கும் கனத்த சுருள்களைக் கழற்றி, பக்கத்துக்கு இரண்டு வீதம் வைத்தேன், போதவில்லை. மூன்றாவது சீட்டையும் தேடிப் பிடித்துப் பக்கத்துக்கு மூன்றாக ஆக்கியபின்தான், கணுக்காலை இறுக்கினால் சாய்ந்து, தளர்த்தினால் நிமிரும் பலகை கிடைத்தது.

இனி பொட்டன்ஷியோமீட்டர். இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்ததும், அதிகம் மகிழ்வித்ததும் இந்தப் பகுதிதான்.

கடையில் கிடைக்கும் குமிழ் வகைப் பொட்டன்ஷியோமீட்டர் முனையிலிருந்து முனைக்கு ஏறத்தாழ 300 பாகை சுழலும். அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்கு 150. என் பலகையோ பக்கத்துக்கு 15 பாகைதான் சாய்கிறது. குமிழை நேரடியாக அச்சில் பொருத்தினால் பத்தில் ஒரு பங்கு அசைவுதான் கன்சோலுக்குப் போகும்; திரையில் சோனிக் சோம்பலாகக் கழுத்தைத் திருப்புவதோடு சரி. சிறிய சாய்வைப் பெரிய சுழற்சியாக மாற்ற வேண்டும். பல்சக்கரங்கள் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது, தாத்தா வீட்டிலிருந்த ரேடியோ. அதில் குமிழைத் திருகினால் முள் இடவலமாக நகரும். உள்ளே திறந்து பார்த்தால் ஒரு நூல், இரண்டு மூன்று உருளைகள், ஒரு சக்கரம், அவ்வளவுதான். அதே டயல் நூல் ஏற்பாட்டைத் தலைகீழாகப் பயன்படுத்தினேன். பலகையின் இட ஓரத்தில் கட்டிய நூல் கீழே இறங்கி, அடிப்பலகையிலுள்ள உருளையைச் சுற்றி, நடுவே பொட்டன்ஷியோமீட்டரின் தண்டில் பொருத்திய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபக்க உருளை வழியாக வல ஓரத்துக்கு ஏறுகிறது. ஓர் ஓரம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மற்ற ஓரம் உயர்வதால் நூல் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். நூலுக்குத் தூண்டில் நரம்பு.

சக்கரத்தின் அளவில் முதலில் இடறினேன். கையில் அகப்பட்டது தையல் இயந்திரத்தின் பாபின். விட்டம் இரண்டு சென்டிமீட்டர். பலகை முழுதும் சாயும்போது அதன் ஓரம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நகர்கிறது. பாபினின் சுற்றளவு ஆறே கால் சென்டிமீட்டர் என்பதால் அது அரைச் சுற்றுச் சுழல வேண்டும். பொட்டன்ஷியோமீட்டரோ 150 பாகையில் நின்றுவிடும். இந்தக் கணக்கை நான் போட்டது, உள்ளே ‘டக்’ என்று ஏதோ முறிந்த பிறகுதான். பிறகு குளிர்பானப் புட்டியின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தேன். விட்டம் மூன்று சென்டிமீட்டர், சுற்றளவு ஒன்பதரைக்கு அருகில். முழுச் சாய்வுக்கு மூன்றில் ஒரு பங்கு சுற்று, அதாவது 120 பாகை. ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளினாலும் அது தன் முழு மின்னழுத்த வீச்சையும் தொடுவதில்லை என்பதால் இந்த 120 போதுமானது. மூடியின் விளிம்பிலுள்ள வரிகள் நரம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன், அவை பிடித்துக்கொள்ளவில்லை. வேகமாகச் சாய்த்தால் நரம்பு வழுக்கி, நடுநிலை இடம் மாறிப் போனது. மூடியில் சிறு துளையிட்டு நரம்பை உள்ளே விட்டு ஒரு முடிச்சுப் போட்டபின் வழுக்கல் நின்றது.

முறிந்ததற்குப் பதிலாக இன்னொரு பொட்டன்ஷியோமீட்டர் வாங்கப் போன இடத்தில் அடுத்த இடறல். கடைக்காரர் “வால்யூமுக்குத்தானே தம்பி?” என்று கேட்டார். விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு “ஆமாண்ணே” என்றேன். ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழில் மின்தடை சீராக ஏறாது. தொடக்கத்தில் மெல்லவும் கடைசியில் சட்டென்றும் ஏறும். நம் காது கேட்கும் விதத்துக்கு அதுதான் பொருந்தும். நடுவில் நிறுத்தி அளந்தால் பாதி வராது, அதற்கு வெகு கீழே ஒரு மதிப்புதான் வரும். கன்சோல், தான் இயங்கத் தொடங்கும்போது எந்த மதிப்பைக் கண்டதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்வதால், நேராகப் போவதில் கோளாறு தெரியவில்லை. வலப்பக்கம் சாய்ந்தால் கொண்டையூசி வளைவுபோல் வெட்டித் திரும்பியது. இடப்பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் லேசாக ஒதுங்கியதோடு சரி. சுருள்களைத்தான் முதலில் சந்தேகித்தேன். ஒரு மாலை முழுவதும் அவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மல்டிமீட்டரை வைத்தபோது உண்மை தெரிந்தது. குமிழின் முதுகில் ஏ என்ற எழுத்து அச்சாகியிருந்தது. எனக்கு வேண்டியது பி என்று அச்சாகியிருக்கும் சீரான வகை. கடைக்காரர்மேல் குற்றமில்லை, அவர் சரியாகத்தான் கேட்டார்.

கண்ட்ரோலரைத் திறக்க, மூன்று இறக்கை போன்ற பள்ளமுள்ள திருகாணிகளுக்குரிய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே இடவலப் பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்காலை மட்டும் சால்டர் உறிஞ்சி விடுவித்து, அது கண்ட்ரோலரின் சர்க்யூட் பலகையைத் தொடாதபடி மேலே வளைத்தேன். ஓரக்கால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மேல்கீழ் அச்சை நான் தொடவே இல்லை. ஆகவே கண்ட்ரோலர் இப்போதும் கையில் இருக்கும். கட்டைவிரல் மேலும் கீழும் மட்டும் நகரும். இடமும் வலமும் காலுக்கு. வயருக்கு ஆம்ப்ளிஃபயர் கடையில் கிடைக்கும் இரட்டைக் கம்பி மைக் வயரை எடுத்தேன். உள்ளிருக்கும் இரண்டு கம்பிகளும் மேலே சுற்றியிருக்கும் வலையும் சேர்ந்து சரியாக மூன்று. முதல் இணைப்பில் இடமும் வலமும் மாறித்தான் வந்தது. இத்தகைய வேலையில் முதல்முறையே சரியாக வந்ததாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஓரக்கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றியதும் சரியானது. சோனிக் நேராகப் போகும்போது லேசாக நடுங்கிய கோளாறுக்கு, நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 என்று அச்சிட்ட சின்ன மஞ்சள் கெபாசிட்டர் ஒன்றை வைத்தது போதுமானதாக இருந்தது.

தாவலுக்கு வருகிறேன். சோனிக் ரைடர்ஸில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓட்டுபவர் குனிந்து விசை சேர்ப்பார், விட்டால் தாவுவார். சறுக்குமேட்டின் விளிம்பில் சரியான கணத்தில் விட வேண்டும். இதற்குப் பலகையின் வால்பகுதியில், வலது காலுக்கு அடியில், கீல் வைத்த ஒரு துண்டுப் பலகையை அமைத்து, அதனடியில் லிமிட் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். அதன் இரு கம்பிகளும் கண்ட்ரோலரின் ஏ பட்டனுக்கு இணையாகப் போக வேண்டும். பட்டனுக்கு அடியிலிருக்கும் கறுப்புப் பரப்பு கார்பன் பூச்சு; அதில் சால்டர் ஒட்டவே ஒட்டாது. அங்கிருந்து புறப்படும் செம்புக் கோட்டின் மேலுள்ள பச்சைப் பூச்சை பிளேடு நுனியால் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுரண்டி, பளபளப்பான செம்பு தெரிந்தபின் அதன்மேல் முலாம்போல் மெல்லிய ஈயம் ஏற்றி, பிறகே கம்பியை வைத்தேன். கம்பி இழுபட்டால் செம்புக்கோடே பெயர்ந்து வந்துவிடும் என்பதால், மேலே சூடான பசைத்துளி ஒன்றும்.

முதல் ஓட்டம் மெட்டல் சிட்டியில். பந்தயத் தொடக்கத்தில் கோட்டின்மேல் மின்சாரத் தடை ஒன்று இருக்கும். எண்ணிக்கை முடிவதற்குள் அதைத் தொட்டால் அதிர்ச்சி வாங்கி நிற்க வேண்டும். இந்தப் பகுதி கட்டைவிரலின் வேலை என்பதால் தப்பித்தேன். அதன்பின் முதல் வளைவிலேயே இடப்பக்கச் சுவரில் மோதி, நிமிர்ந்து, மறுபடி அதே சுவரில் மோதினேன். வேண்டாதபோதும் பலகை இடப்பக்கமே ஒதுங்கியது. என் அக்கா மகள், பத்து வயது, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், “மாமா, நீங்க ஏன் விழப் போற மாதிரியே நிக்கிறீங்க?” என்று கேட்டாள். கேள்வியிலேயே விடை இருந்தது. பாதத்தின் சரிபாதி அச்சின்மேல் இருக்கும்படி நான் நின்றிருந்தேன். ஆனால் நிற்கும்போது எடை பாதத்தின் நடுவில் விழுவதில்லை, சற்றுக் குதிகால் பக்கமாகவே விழுகிறது. இரண்டு சென்டிமீட்டர் முன்னே தள்ளி நின்றேன். அதோடு, எக்ஸ், ஒய், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் கேம்கியூப் ஸ்டிக்கின் நடுநிலையைப் புதிதாகக் குறித்துக்கொள்ளும். அதைப் பலகையின்மேல் ஏறி நின்ற நிலையிலேயே செய்ய வேண்டும். வெறும் பலகையின் நடு வேறு, ஆள் ஏறிய பலகையின் நடு வேறு.

அதன்பிறகு கிடைத்த அனுபவத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு. சாய்ந்து திருப்புவதுதான் பெரிய இன்பமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது அரைமணியில் பழகிப்போனது. மேலும், இடச் சாய்விலிருந்து வலச் சாய்வுக்கு உடம்பைக் கொண்டுபோக விரலைவிட நேரமாகிறது என்பதால், அடுத்தடுத்து வளையும் கிரீன் கேவ் போன்ற தடங்களில் கடைசிக்கு முந்தைய இடமே வாய்த்தது. தாவல்தான் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. இந்த ஆட்டத்தில் பலகை காற்றால் இயங்குகிறது. ஓட ஓடத் தொட்டியில் காற்று குறையும், வேகமாகப் பாய்ந்தால் இன்னும் குறையும், தீர்ந்துவிட்டால் பலகையை விட்டு இறங்கி ஓட வேண்டியதுதான். தாவி, காற்றில் சுழன்று வித்தை காட்டினால் தொட்டி நிறையும். ஆகவே ஒவ்வொரு சறுக்குமேடும் ஒரு பெட்ரோல் பங்க்போல. கையால் ஆடும்போது ஏ பட்டனை வெகு முன்பே அழுத்திப் பிடித்து, நேரம் வந்ததும் விடுவேன்; அதில் எண்ணமே கிடையாது. காலால் ஆடும்போது வலது காலில் எடையை ஏற்றினால் சாய்வின் சமநிலை கெடுகிறது. எனவே மேட்டுக்கு வெகு முன்பே குனிய முடியாது. நேராக நிமிர்ந்தபின், மேட்டின் அடியில்தான் அழுத்த முடியும். விளிம்பில் குதிகாலைத் தூக்கும்போது லிமிட் சுவிட்ச் ‘க்ளிக்’ என்று விடுபடுவது பாதத்தில் தெரியும்; அதே கணத்தில் திரையில் சோனிக் மேலே எழும்புவான். உடனே உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அவன் பம்பரமாகச் சுழல்வான். கீழே வருவதற்குள் நாமும் நிமிர்ந்துவிட வேண்டும்; சுழன்றபடியே தரையிறங்கினால் வித்தைக்கு மதிப்பில்லை. இந்த நிமிர்தலை என் விரல் ஒருபோதும் உணர்ந்ததில்லை.

முன்னே போகிறவர் விட்டுச்செல்லும் காற்றுச்சுழலுக்குள் நுழைந்தால் பலகை தானாக இழுபட்டு விரைவதும் இந்த ஆட்டத்தின் சிறப்பு. அந்தச் சுழலுக்குள் இடவலமாக ஆடி ஆடிப் போகும்போது பலகை மிகப் பொருத்தமாக இருக்கிறது. முதல்முறை அதில் நுழைந்தபோது நான் முழங்காலை மடக்கியதை யாரும் சொல்லித்தரவில்லை. வளைவில் வழுக்கியபடியே திரும்பும் டிரிஃப்டிங் மட்டும் இன்றுவரை சரிவரவில்லை. ஆள்காட்டி விரலால் ஆர் டிரிக்கரை அழுத்திக்கொண்டு, அதே வேளையில் கால்விரல்களால் முழுச் சாய்வையும் பிடித்துவைக்க வேண்டும். கை இறுகினால் காலும் இறுகுகிறது, பலகை முட்டுக்கட்டையில் ‘டொக்’ என்று இடிக்கிறது, கீழ்வீட்டுக்காரர் அதை இரண்டுமுறை விசாரித்துவிட்டார். முட்டுக்கட்டையின் தலையில் பழைய டயர் டியூபை நான்கு மடிப்பாக ஆணியடித்தபின் அவர் வரவில்லை.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு சொல். வழுக்காமலிருக்க முதலில் கரடான உப்புத்தாளை ஒட்டினேன்; ஒரு மணிநேரத்தில் உள்ளங்கால் சிவந்தது. இப்போது கதவோரம் போடும் ரப்பர் கால்மிதியை அளவாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். காலுறையோடு ஏறக்கூடாது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் வைத்து ஆடுவது நல்லது.

அக்கா மகள் ஏறியபோது வேறொரு சிக்கல். அவள் எடைக்கு ஆறு சுருள்களும் சரியாக இறங்கிக்கொடுக்கவில்லை. முழுப் பலத்தோடு சாய்ந்தும் பலகை பாதிதான் இறங்கியது, வாலில் குதித்தால்தான் சுவிட்ச் அழுந்தியது. அவளுக்காகப் பக்கத்துக்கு ஒரு சுருளை உருவி எடுக்கும்படி கீழ்ப்பக்கம் ஒரு திறப்பு வைத்தேன். மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அவள் தேர்ந்தெடுப்பது எப்போதும் வேவ்தான். சனிக்கிழமைகளில் அந்த இரண்டு சுருள்களும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடுகின்றன. ஞாயிறு மாலை அவள் ஊருக்குக் கிளம்பியபின் மறுபடி பொருத்தி, ஏறி நின்று, மூன்று பட்டன்களையும் மூன்று விநாடி அழுத்தி நடுவைக் குறித்துக்கொள்கிறேன்.